தாராவியில் எழுந்த புதிய இசை



பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர்கள் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கவலையில் வந்து முடிவது வழக்கம். தில்லிக் கரோல்பாகிலும், கொல்கத்தாவிலும், மும்பை மாதுங்காவிலும், செம்பூரிலும் அந்தக் கவலை ஒன்றே. "நமக்குப் பின் நம் பிள்ளைகள் தமிழ் பேசுவார்களா?" என்பதே அது. இக்கேள்விக்கு, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்த ஒரு விடையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அந்த இடம் மும்பையின் தாராவி. விடை தருவோர் புலவர்கள் அல்லர். தெருமுனையில் வட்டமாக நின்று தாளமிட்டுப் பாடும் இளைஞர்கள்.

எனக்கு நெடுநாளாகப் பழக்கமான பெரியவர் ஒருவர் தாராவியில் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் வந்தவர். தோல் கிடங்கில் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை அவரைக் காணச் சென்றிருந்தேன். எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய குறுகிய சந்து அது. அங்கே வீட்டு வாசலில் அவருடைய பேரன் நாலைந்து தோழர்களுடன் நின்றிருந்தான். ஒருவன் வாயினாலேயே மத்தளம் போல ஒலி எழுப்பினான். மற்றொருவன் கை தட்டினான். பேரன் மூச்சு விடாமல் சொற்களை அடுக்கிக்கொண்டே போனான். பாதி இந்தி, பாதி மராத்தி; நடுநடுவே நெல்லைத் தமிழ். பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏலே, இது என்னல பாட்டு? தெருச்சண்டையில ஏசுற மாதிரில்லா இருக்கு!" என்றார். பேரன் சிரித்தான். "தாத்தா, இது பேச்சுதான். பேச்சையே பாட்டா ஆக்குறோம்" என்றான்.

விளையாட்டாகச் சொன்ன அந்த விடை என் மனத்தில் தங்கிவிட்டது. பேச்சையே பாட்டாக்கும் இக்கலைக்கு மேல்நாட்டில் ராப் என்று பெயர். நம்மவர் இப்போது அதனைச் 'சொல்லிசை' என்று அழகாக வழங்குகின்றனர். அது தாராவிக்கு எவ்வாறு வந்தது, அதன் தொடக்க ஆண்டுகள் எவ்வாறு இருந்தன என்பதைச் சொல்வதற்கு முன், தாராவியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டும்.

தாராவி ஆதியில் மாஹிம் கழியை ஒட்டிய சதுப்பு நிலம். கோலி இனத்து மீனவர்கள் அங்கே வாழ்ந்தனர். நகரத்தின் உட்பகுதியில் வேண்டாத தொழில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டபோது, தோல் பதனிடும் தொழிலும் அங்கே வந்து சேர்ந்தது. 1887-ஆம் ஆண்டில் முதல் தோல் ஆலை அங்கு ஏற்பட்டது. அத்தொழிலை நாடித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழர்கள் வந்தனர். குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை வைத்தனர். தமிழர்கள் 1913-இல் பிள்ளையார் கோவில் எழுப்பினர். 1924-இல் தமிழ்ப் பள்ளி கண்டனர். இன்று இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்நிலப்பரப்பில் பல லட்சம் மக்கள் வாழ்கின்றனர். தோற்பை, மட்பாண்டம், தைத்த ஆடை, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்யும் மணிகள் என்று பல பொருள்கள் அங்கிருந்து நாடெங்கும் செல்கின்றன.

அதே தாராவியிலிருந்து, இருப்புப்பாதையைக் கடந்து கிழக்கே நடந்து செல்லும் தொலைவில் சண்முகானந்த அரங்கம் இருக்கிறது. 1952-இல் தொடங்கப்பெற்ற சபை, 1963-இல் அவ்வரங்கத்தைக் கட்டித் திறந்தது. 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்தது. 2,700 பேருக்கு மேல் அமரத்தக்க அம்மண்டபத்தில் நம் சங்கீத வித்துவான்கள் அனைவரும் பாடியிருக்கின்றனர். மும்பைத் தமிழர் அதனைப் பெருமையோடு சொல்லிக்கொள்வது நியாயமே. ஆனால் ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே நகரில், ஒரு ரயில் பாதைக்கு இருபுறமும் வாழ்ந்தும், இரண்டு வேறு உலகங்களாகவே பல தலைமுறைகள் இருந்துவிட்டனர் என்பதையும் மறைக்க இயலாது. அப்புறத்துத் தமிழனுக்கு உத்தியோகமும் வங்கியும் கல்லூரியும். இப்புறத்துத் தமிழனுக்குத் தோலும் தறியும் தள்ளுவண்டியும். அவனுடைய இசைக்கு மண்டபம் இல்லை, தெருதான் மண்டபம்.

உலக இசை வரலாற்றைப் பார்த்தால், தெருவையே மண்டபமாகக் கொண்ட இத்தகைய இடங்களில் புதிய இசை பிறந்திருப்பதைக் காணலாம். 1970-களில் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரம் பொருளாதாரத்தில் மிகவும் நொடித்திருந்தது. அந்நகரின் பௌவரி என்னும் தெரு, வீடற்றோர் தங்கும் மலிவு விடுதிகள் நிறைந்த இடம். அங்கே 1973-இன் இறுதியில் 'சிபிஜிபி' என்ற சிறு மதுச்சாலை தொடங்கப்பெற்றது. வேறெங்கும் மேடை கிடைக்காத இளைஞர்கள் அங்கே சென்று பாடினர். அவர்களுள் 'டாக்கிங் ஹெட்ஸ்' என்ற குழுவினர் 1975-இல் முதன்முதலாக அங்கு பாடியபோது மூவரே இருந்தனர். அம்மூவருள் டீனா வேமத் என்ற பெண்மணி, குழுவில் சேர வேண்டும் என்பதற்காகவே பேஸ் கித்தார் பழகியவர். பெரும் பயிற்சியும் விலையுயர்ந்த கருவியும் இல்லாமல், சொல்ல வேண்டிய செய்தியை மட்டும் நம்பி எழுந்த அவ்விசைக்குப் பின்னர் 'புதிய அலை' என்று பெயர் வந்தது.

அதே நகரின் வடபகுதியில், பிராங்ஸ் என்னும் ஏழை வட்டாரத்தில், அதே 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, இரண்டு தட்டுகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் வரச்செய்தார். அத்தாளத்தின் மேல் பேச்சைப் பொருத்திப் பாடும் வழக்கம் வளர்ந்தது. ராப் வரலாற்றைச் சொல்வோர் அந்த நாளிலிருந்தே தொடங்குவர். பௌவரியும் பிராங்ஸும் ஒன்றையொன்று அறியாமல் நெடுநாள் இருக்கவில்லை. 'பிளாண்டி' என்ற புதிய அலைக் குழு தன் பாட்டொன்றில் ராப்பைச் சேர்த்துக்கொண்டது. அப்பாட்டு 1981-இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. தெருவில் பிறந்த இரு பிள்ளைகள் இவ்வாறு கைகோத்தனர்.

இவ்விரு இசைகளையும் நான் எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. குடியேறிய மக்கள், நெருக்கடியான வாழ்க்கை, கருவி வாங்கப் பணமின்மை, ஆயினும் சொல்லியே தீர வேண்டிய செய்தி ஆகிய இந்நான்கும் கூடிய இடம் தாராவியும் ஆகும்.

தாராவிக்கு இந்த இசை வந்து சேர்ந்த வழியில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. 2008-இல் வெளிவந்து உலகெங்கும் பரிசுகள் பெற்ற ஆங்கிலப் படம் ஒன்று, மும்பைச் சேரிப் பிள்ளையைத் தன் தலைப்பிலேயே 'சேரி நாய்' என்று குறித்தது. அப்பெயர் அங்குள்ள மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. அதன்பின் ஹிப் ஹாப் ஆட்டமும் பாட்டும் பயின்ற இளைஞர்கள் சிலர் தங்கள் குழுவுக்கு 'ஸ்லம்காட்ஸ்' என்று பெயரிட்டுக்கொண்டனர். நாய் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் திருப்பிப்போட்டால் கடவுள் என்ற சொல் வரும். வசைச்சொல்லையே திருப்பிப்போட்டு விருதுப்பெயராக்கிக்கொண்ட அவ்விளைஞர்கள், தாராவிச் சிறுவர்களுக்குக் கட்டணமின்றி ஆட்டம் கற்பித்தனர். குப்பை பொறுக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைக் கொண்ட 'தாராவி ராக்ஸ்' என்ற குழுவோ, பிளாஸ்டிக் பீப்பாய்களையும் வண்ணப்பூச்சு டப்பாக்களையும் தாள வாத்தியமாக்கி மேடை ஏறியது. 2015-இல் இக்கலைகளைக் கற்பிக்கவே ஒரு பள்ளியும் தாராவியில் தோன்றியது.

இச்சூழ்நிலையில், 2010-களின் தொடக்கத்தில் உருவான குழுவே 'டோப்பாடெலிக்ஸ்'. ஸ்டோனி சைக்கோ, டோப் டாடி என்ற மேடைப்பெயர்களைக் கொண்ட தமிழ் இளைஞர்கள் இதன் முன்னணியினர். இப்பெயர்களைக் கேட்டதும் நேயர்களுள் பலர் புருவத்தை நெரிப்பீர்கள். அவை போதைப்பொருளை நினைவூட்டும் பெயர்கள் என்பது உண்மையே. அதனை நான் பாராட்ட வரவில்லை. பெயரோடு நின்றுவிடாமல் அவர்கள் பாடுவது என்ன என்பதையும் கேட்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறேன்.

அவர்கள் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் பாடினர். ஒரு பாட்டிலேயே மொழி மாறும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அரசாங்க அலுவலகத்தில் மராத்தி, கைபேசியில் ஆங்கிலம் என்று வாழும் பிள்ளைக்கு அது செயற்கையன்று. அவனுடைய ஒருநாள் பேச்சே அப்படித்தான் இருக்கிறது. 2017-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டின் பெயர் மராத்தியில் அமைந்தது. "தாயின் மேல் ஆணை ஐயா, அது நான் அல்லன்" என்பது அதன் கருத்து. தெருவில் செல்லும் ஏழை இளைஞனைக் காவலர் நிறுத்திச் சோதனையிடும்போது அவன் வாயில் வரும் சொற்களையே அவர்கள் தலைப்பாக்கினர். தாராவி என்று முகவரி சொன்னதும் முகம் மாறுகிற வேலை முதலாளியையும், வாடகைக்கு வீடு தர மறுக்கிற வீட்டுக்காரரையும் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அத்தலைப்பின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொடக்க ஆண்டுகளில் இத்தகைய குழுக்கள் பட்ட இடர்ப்பாடு கொஞ்சநஞ்சமன்று. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீட்டில் ஒத்திகை பார்க்க இடம் ஏது? இரவில் தெருவிளக்கின் கீழ் கூடினால் அண்டை வீட்டார் அதட்டுவர். ரோந்து வரும் காவலர் கலைந்து போகச் சொல்லுவர். கருவி இல்லாததால் வாயே கருவியாயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை தர வேண்டும். அதற்காகப் பகலில் அலுவலகங்களிலும் கடைகளிலும் உழைத்துக் காசு சேர்த்தனர் இவ்விளைஞர்கள். பதிவு செய்த பாட்டைக் கேட்க மேடை இல்லாதபோது, கைபேசியும் இணையமும் அவர்களுக்கு மேடையாயின. அக்கம்பக்கத்தார், "படித்து வேலைக்குப் போக வேண்டிய வயதில் இது என்ன கூத்து?" என்று கேட்டனர். பெற்றோர் கேட்டதும் அதுவே. அக்கேள்வியில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. பாட்டை நம்பிப் பட்டினி கிடந்தோரை அவர்கள் ஊரில் கண்டிருக்கிறார்கள்.

பின்னர் ஒரு திருப்பம் நேர்ந்தது. 2018-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் பா. இரஞ்சித் இயக்கிய 'காலா' என்ற தமிழ்ப் படம் வெளியாயிற்று. தாராவி மக்களின் நில உரிமையே அதன் கதை. இசையமைத்த சந்தோஷ் நாராயணன், டோப்பாடெலிக்ஸ் குழுவினரைச் சில பாடல்களை எழுதவும் பாடவும் அழைத்துக்கொண்டார். அவர்கள் திரையிலும் தோன்றினர். அதே படத்தின் பாடல்களுள் ஒன்றில் மலேசியத் தமிழரான யோகி பி அவர்களின் குரலும் ஒலிக்கிறது. கடல் கடந்து சென்ற தமிழரின் பேரப்பிள்ளையும், மும்பைக்கு ரயிலேறிய தமிழரின் பேரப்பிள்ளையும் ஒரே படத்தில் தமிழில் பாடியதைச் சிறு செய்தியாக நான் கருதவில்லை.

இதற்கு முப்பத்தோராண்டு முன்னர், 1987-இல், 'நாயகன்' என்ற படமும் தாராவித் தமிழரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதுவும் புகழ்பெற்ற படமே. இரு படங்களுக்கும் தாராவியின் தெருக்கள் பெரும்பாலும் சென்னையில் அரங்கமைத்தே எழுப்பப்பட்டன. ஆனால் முதல் முறை தாராவியைப் பற்றி மற்றவர்கள் பாடினார்கள். இரண்டாம் முறை, தெரு செயற்கையானதாயினும், குரல் தாராவியிலிருந்தே சென்றது. முப்பதாண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் இதுதான்.

அதே இயக்குநரின் நீலம் பண்பாட்டு மையமும், தென்மா என்ற இசைக் கலைஞரும் சேர்ந்து 2017-இல் சென்னையில் ஒரு குழுவை உருவாக்கினர். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று அதற்குப் பெயர். சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து அப்பெயர் பிறந்தது. 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. கானாப் பாட்டு, பறை, சட்டி, கித்தார், சொல்லிசை ஆகிய அனைத்தும் ஒரே மேடையில் ஒலித்தன. மும்பையில் எழுந்த அலையும் சென்னையில் எழுந்த அலையும் ஒரே கடலைச் சேர்ந்தவை என்பதை இதனால் அறியலாம். தாராவி மட்டும் ஒரு குழுவோடு நின்றுவிடவில்லை. '7 பண்டாய்ஸ்' முதலிய பன்மொழிக் குழுக்களும் அங்கு வளர்ந்தன. பண்டாய் என்பது மும்பைத் தெருப்பேச்சில் தோழனைக் குறிக்கும். 2019-இல் வெளிவந்த 'கல்லி பாய்' என்ற இந்திப் படம், தாராவிச் சந்தில் பிறந்த பாடகனையே கதாநாயகனாக்கி நாடெங்கும் இவ்விசையை அறியச் செய்தது.

இனி, "இது சங்கீதமாகுமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். இராகம் இல்லை, ஆலாபனை இல்லை, சுருதி சுத்தம் பற்றிய கவலை இல்லை. இதனை எவ்வாறு இசை என்பது என்று பெரியோர் கேட்பர். வானொலியில் நின்று இக்கேள்விக்கு விடை கூறுபவன் சற்று அடக்கத்தோடு கூற வேண்டும். ஏனெனில் வானொலிக்கே இதில் ஓர் அனுபவம் உண்டு. நம் நாட்டு இசையின் நுண்மைக்கு ஒவ்வாதது என்று ஆர்மோனியத்தை 1940 முதல் 1971 வரை வானொலி விலக்கி வைத்தது. நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் அது ஒலித்துக்கொண்டேயிருந்தது. 1952-இல் திரைப்படப் பாடல்களுக்கு வானொலியில் இடம் சுருங்கியது. நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித்பாரதி தோன்றித் திரைப்பாடலுக்குத் தனி இடம் தந்த பின்னரே அவர்களுள் பலர் திரும்பி வந்தனர். அன்று தடுத்தவர்கள் தீயவர்கள் அல்லர். இசையின்பால் உண்மையான பற்றுக் கொண்டவர்களே. ஆயினும் மக்கள் எதைப் பாட வேண்டும் என்று கட்டளையிட எவராலும் இயலவில்லை.

அன்றியும், இவ்வடிவம் நமக்கு முற்றிலும் அந்நியமும் அன்று. தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையின்போது லாவணி பாடுவர். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. கேள்வியும் விடையும் பாட்டாகவே வரும். எதிரி தொடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்தக் கணமே எதிர்ப்பாட்டுக் கட்ட வேண்டும். சொல்லிசைக்காரர்கள் இருவர் எதிரெதிர் நின்று போரிடும் முறையும் அதுவே. லாவணி நமக்கு எங்கிருந்து வந்தது? 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்களின் காலத்தில், மராத்திய நாட்டிலிருந்து வந்தது. மராத்தியர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த வாதப் பாட்டைப் போன்றதொரு வாதப் பாட்டை, இன்று தமிழ்ப் பிள்ளைகள் மராத்திய மண்ணில் நின்று பாடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் வில்லுப்பாட்டையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். குடத்தைத் தட்டியே தாளம் எழுப்பிய பாட்டன்மாரின் பேரர்கள், பிளாஸ்டிக் பீப்பாயைத் தட்டுகிறார்கள். எதுகையும் மோனையும் இல்லாமல் லாவணியும் இல்லை, வில்லுப்பாட்டும் இல்லை, சொல்லிசையும் இல்லை.

மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 1966-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் மும்பையில் தென்னாட்டாருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. ரயிலில் தமிழ் பேசத் தயங்கி, வாய்மூடிச் சென்றவர்கள் உண்டு. பிள்ளைகளிடம், "வெளியே தமிழில் கத்தாதே" என்று சொல்லி அனுப்பிய தாய்மார்கள் உண்டு. அத்தாய்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று நடுத்தெருவில் நின்று, ஒரே பாட்டில் தமிழையும் மராத்தியையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்கின்றனர். சுற்றி நின்று கைதட்டுவோருள் தமிழரும் மராத்தியரும் கலந்திருக்கின்றனர். எந்த மாநாட்டுத் தீர்மானமும் செய்யாத காரியம் இது.

இவ்விசையில் குறைகள் இல்லாமலில்லை. வசைச்சொல் மிகுதி. அமெரிக்கப் பாடகரின் நடையையும் உடையையும் அப்படியே பின்பற்றுவோர் பலர். போதையைப் பெருமையாகப் பேசுவோரும் உளர். பெண்களுக்கு இவ்வட்டத்தில் இடம் இன்னும் குறைவாகவே இருக்கிறது. இவற்றை அவ்விளைஞர்களிடமே எடுத்துச் சொல்லும் உரிமை பெரியோர்க்கு உண்டு. ஆனால் செவி கொடுத்துக் கேட்ட பின்னரே அவ்வுரிமை பிறக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன தாராவிப் பெரியவரிடம் மீண்டும் வருகிறேன். மறுமுறை நான் சென்றபோது தாத்தாவும் பேரனும் அருகருகே அமர்ந்திருந்தனர். பேரன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. ஆயினும் பிழைப்பை எண்ணி அவன் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினர். எனவே அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. கைபேசியில் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்துகளில் எழுதி வைத்திருந்தான். பாட்டின் பொருள் அவன் தாத்தாவின் தோல் கிடங்கு. ஓரிடத்தில் எதுகைக்குச் சொல் கிடைக்காமல் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தாத்தா, தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில ஊறப்போட்டு எடுத்தா கையெல்லாம் எப்படி இருக்கும்? அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

பெரியவர் தம் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "வெடிச்சுப் போயிருக்கும்ல. கரம்பை மண்ணு கோடையில வெடிக்கும் பாரு, அந்த மாதிரி" என்றார்.

கரம்பை என்றால் என்ன என்று பேரன் கேட்டான். கரம்பை மண்ணையும், குளம் வற்றும் காலத்தையும், வண்டி வண்டியாக அம்மண்ணை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவதையும் பெரியவர் சொல்லத் தொடங்கினார். தம் ஊரைப் பற்றி அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவ்வளவு பொறுமையாக அப்பிள்ளை கேட்டும் நான் கண்டதில்லை. எந்த ஊர், எந்தக் குளம், ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று கேள்விகள் வளர்ந்தன. வீட்டில் யாரும் வாய்திறந்து பேசாத செய்திகளும் வெளிவந்தன. தெருவின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் ஊரை விட்டு, பெயர் தெரியாத நகரத்துக்கு ஏன் வந்தார் என்பதையும் அன்றுதான் அவர் சொன்னார்.

இதையே இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பாட்டுக் கட்டுகிறவனுக்குச் சொல் வேண்டும். சொல் வேண்டியவன் அதை வைத்திருப்பவரிடம் சென்றே ஆக வேண்டும். "தமிழ் படி" என்று நாம் பத்தாண்டு சொல்லியும் அசையாத பிள்ளை, ஓர் எதுகைக்காகத் தாத்தாவின் காலடியில் வந்து அமர்ந்தான். மொழியைக் காப்பது கடமை என்று அவனுக்கு யாரும் உபதேசிக்கவில்லை. அவனுக்கு அதனால் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. காரியம் உள்ளவரை மொழி வாழும். கடமைக்காக மட்டும் காக்கப்படும் மொழி, பரணில் வைத்த பாட்டியின் பாத்திரம் போலக் களிம்பேறிவிடும்.

ஆகவே, வெளி மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் ஒரு மாலையை இத்தகைய இளைஞர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் பாடுவது பிடிக்கவில்லையாயினும் ஒருமுறை முழுதும் கேளுங்கள். பிழையாகப் பேசும் தமிழைக் கண்டு நகைக்காதீர்கள். நகைப்புக்கு அஞ்சியே பல பிள்ளைகள் தமிழை விட்டிருக்கின்றனர். பாட்டு எழுதும் பிள்ளைக்கு எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். பள்ளிப் பாடமாகக் கற்பதைவிட, தன் பாட்டைத் தானே எழுதிப் பார்க்கக் கற்பவன் விரைவில் கற்பான்.

தாராவியை இடித்துப் புதிதாக அமைக்கும் திட்டம் 2004 முதல் பேசப்பட்டு, 2022-இல் ஏலம் முடிந்து, இப்போது செயலுக்கு வந்துகொண்டிருக்கிறது. நல்ல வீடும், நல்ல நீரும், கழிப்பிடமும் அம்மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. யார் அங்கேயே வீடு பெறுவர், யார் தொலைவுக்கு அனுப்பப்படுவர் என்ற அச்சமும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. பேரனும் தோழர்களும் வட்டமாக நின்று பாடிய அந்தச் சந்து இன்னும் சில ஆண்டுகளில் இராமற்போகலாம். வேறிடத்துக்குப் போகும்போது அங்குள்ளோர் எடுத்துச் செல்லக்கூடியவற்றுள் பாரமில்லாதது அவர்களுடைய சொல். அண்மையில் சந்தித்தபோது பெரியவரிடம், "பேரன் இன்னமும் பாடுகிறானா?" என்று கேட்டேன். "பாடுதான், பாடுதான். எனக்குத்தான் இப்போ வேலை கூடிப்போச்சு. தினம் நாலு வார்த்தை கேக்கான்" என்றார். அவர் முகத்தில் முன்பு இருந்த சுளிப்பு இல்லை.